உப்புக்கண்ணியின் காவல்காரி

மூடு, முதலில் மூடு, வெயில் படப்போகிறது என்று என்னையே அதட்டிக்கொண்டு, தூக்கிய கடல்பாசியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கடலுக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறையைத் தடவிய முப்பது வருஷத்திலும் சரி, திருக்கை முள் உள்ளங்கையில் ஏறிய அன்றைக்கும் சரி, எடுத்த பாசியை இந்தக் கை திரும்ப வைத்ததில்லை. இருளாயி, நீ சரியாகப் பார்த்தாயா, வேறு ஏதாவது களையாக இருக்கும், மறுபடி பார். ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் தூக்கினேன். இருக்கிறது. கடுகளவுக்கு இரண்டிரண்டு இலை, தடித்த இலை, ஓரத்தில் செம்பு நிறம். களை இல்லை. உப்புக்கண்ணிதான். ஒன்று, இரண்டு என்று போனால் பதினொன்று. மூன்று வருஷமாக இந்தத் தீவில் ஒரு புதுச்செடி முளைக்கவில்லை. செடி ஆராய்ச்சி செய்கிற ஹெப்சிபா மேடம் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு முழங்கால் தேய மணலில் தவழ்ந்து தேடினார்கள், எத்தனையோ தடவை, ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு, போயும் போயும் அவர்கள் மண்வெட்டியோடு வருகிற நாளில், பதினொன்று. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் கேட்க ஆளில்லை, நாரைகள்தான் நிற்கின்றன, அவை கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இன்னொன்று புரிந்துவிட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

வேறு எதையாவது நினைப்போம். வெயில் இன்னும் ஏறவில்லை, எட்டு, எட்டரை இருக்கும். என் கொழுந்தன் நம்புவேல் விடிகிற நேரத்துக்கு என்னை வத்தையில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மேடத்தையும் அக்கரைச் செடித்தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரையும் ஏற்றிவரக் கரைக்குத் திரும்பிப் போயிருக்கிறான். போகும்போது சும்மா போனானா? "மதினி, இன்னையோட ஒங்க ராச்சியம் முடிஞ்சிச்சு. செடியெல்லாம் தோண்டிக் கொண்டு போயிட்டா காவக்காரிக்கு இங்கன என்ன சோலி? பழையபடி கண்ணாடிய மாட்டிக்கிட்டு பாசிக்கு முங்க வேண்டியதுதான்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "ஒனக்கென்னப்பா, செடிய ஏத்துனாலும் ஆள ஏத்துனாலும் ஒனக்கு எல்லாம் சுமைதான், போ போ" என்று நானும் சிரித்தேன். அவன் பத்து மணிக்கு வந்துவிடுவான். பத்து மணி என்றால் பூ நன்றாக விரிந்து நிற்கிற நேரம். தை பாதியில் தொடங்கி மாசி முடிய, அதுவும் காலை ஒன்பதுக்கு மேல் விரிந்து, உச்சிக்காற்று ஏறுவதற்குள் சுருட்டிக்கொள்கிற பூ. அதைப் பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் அதன் நேரத்துக்கு வர வேண்டும். என் சுண்டுவிரல் நகத்தளவுதான். கத்தரிப்பூ நிறம், அதைவிட இளசு, தொண்டையில் ஒரு மஞ்சள் பொட்டு. ஐந்து இதழ், ஒவ்வொன்றின் நுனியிலும் யாரோ பல்லால் கடித்த மாதிரி ஒரு சின்ன வெட்டு. இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் உண்டு. போன வருஷம் வந்த ஒரு பெரிய அதிகாரி நின்றுகொண்டே பார்த்துவிட்டு, இதுக்கா இவ்வளவு பாடு என்றார். குனிந்து பாருங்க சார் என்று சொல்ல வந்து, அவர் வயிற்றைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இது குனிகிறவர்களுக்கு மட்டும் காட்டுகிற பூ. உலகத்தில் எவ்வளவு கடல், எவ்வளவு கரை, அத்தனையையும் விட்டுவிட்டு, அரைமணி நேரத்தில் நடந்து சுற்றி முடிக்கிற இந்தச் சாளைத்தீவில் மட்டும் இருக்கிறது. மேடம் அதை முதல்முதலாகச் சொன்ன அன்றைக்கு எனக்குப் புல்லரித்துப் போயிற்று. வேறெங்கும் இல்லையா மேடம், இலங்கைப் பக்கம்கூடவா என்றேன். "எங்கேயும் இல்ல இருளாயி, இங்க போச்சுன்னா உலகத்துலயே போச்சு" என்றார்கள். நான் அந்த நிமிஷமே எழுந்து நின்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டேன், எவனாவது மிதிக்கிறானா என்று.

அந்தப் பெரிய புயலைச் சொல்ல வேண்டும். கடல் இந்தத் தீவுக்கு மேலேயே ஏறிப் போயிற்று, மூன்று நாள் உப்புத்தண்ணீர் நின்றது, உடைமரம்கூடக் கருகிவிட்டது. நாங்கள் வந்து பார்த்தபோது மணல்மேட்டில் பாதியைக் காணோம். உடைந்த மேட்டின் ஓரத்தில் ஒரு உப்புக்கண்ணி அந்தரத்தில் தொங்கியது, மேலே நான்கு இலை, கீழே வேர், வேர், வேர். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், என் உச்சந்தலைக்கு மேலே போயிற்று. ஒரு சாண் செடிக்கு ஐந்தடி வேர்! மேடம் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு, அது போச்சு என்றார்கள். போகவில்லை. நானும் நம்புவேலும் மணலைக் கட்டி அணைத்து விட்டோம், நாலாவது வாரம் போனால் அந்தத் தொங்கின செடி ஒரு பூ வைத்துக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு திமிர் பாருங்கள். எனக்கு அந்தத் திமிர் ரொம்பப் பிடித்துப் போயிற்று. புருஷன் கடலோடு போன வருஷம் அது. ஊரெல்லாம் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், என்னைப் பார்த்து உச்சுக்கொட்டாமல் தன் பாட்டுக்குப் பூத்தது இது ஒன்றுதான். அதன் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. இப்போதும் அந்தச் செடி இருக்கிறது, தெற்கு மேட்டில், கிழவிச் செடி. இன்றைக்கு அதற்குத்தான் முதல் மண்வெட்டி விழும், ஏனென்றால் அதுதான் பெரியது, அதுதான் தாங்கும் என்று மேடம் போன வாரமே சொல்லிவிட்டார்கள்.

மேடம் நல்லவர்கள். அதுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது. கெட்டவர்களாக இருந்தால் மறைப்பது சுலபம். ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் பாசி எடுக்க இந்தத் தீவுக்கு வருவோம், முங்கி எழுந்து குளிர் தீர மேட்டு ஓரத்தில் அடுப்பு மூட்டுவோம், உப்பு மறந்துபோன நாளில் இந்த இலையில் நாலு பறித்துக் கஞ்சியில் போட்டால் போதும், அவ்வளவு உப்பு. அப்படி ஒரு நாள் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஒல்லி அம்மா வந்து நின்று, என் வாயிலிருந்த இலையைப் பார்த்துவிட்டு, அலறாமல், அடிக்க வராமல், "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேருங்க?" என்று கேட்டார்கள். பேரா? இதற்கு யார் பேர் வைத்தார்கள்? இலை என்போம். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். படித்த அம்மா கேட்கிறார்கள், தெரியாது என்றால் கேவலம் என்று வாயில் வந்ததைச் சொன்னேன், உப்புக்கண்ணி. நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இப்போது அது தீவில் நட்டிருக்கிற பலகையில் இருக்கிறது, மேடம் எழுதிய புத்தகத்தில் இருக்கிறது, கீழே பொடி எழுத்தில் சொன்னது இருளாயி என்றும் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கே போகாதவளின் பேர். புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருக்கிறேன். அப்புறம் தீவில் யாரும் இறங்கக்கூடாது என்று சட்டம் வந்தது. பெண்களெல்லாம் சண்டைக்கு நின்றார்கள், நானும்தான் நின்றேன். காவலுக்கு ஊரிலிருந்தே ஒரு பெண் வேண்டும், எனக்கு இருளாயிதான் வேண்டும் என்று மேடம் பிடிவாதமாக நின்று வாங்கினார்கள். சேலைக்கு மேலே காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நான் தெருவில் வந்தால், "ஏத்தா, சட்டைக்காரி வாரா, பாசிய ஒளிச்சு வையிங்கடி" என்று பாண்டியம்மா கத்துவாள். நேற்றுவரை என்னோடு ஒரே பாறையில் முங்கினவள். சிரித்துக்கொண்டே போய்விடுவேன். சட்டைக்குள்ளே கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும், அதை மறைப்பானேன்.

அந்தப் பெருமையில்தான் வந்தது வினை. இப்போது நினைத்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. காவலுக்கு வந்தேன், செய்ய வேலை என்ன இருக்கிறது? ஆள் வந்தால் விரட்டலாம், ஆளே வரவில்லை. ஆடு இல்லை, மாடு இல்லை. சும்மா உட்கார எனக்குத் தெரியாது. வாடைக்காற்றில் கடல் தள்ளிக்கொண்டு வந்து கரையில் போடுகிற பாசி மேட்டுக்கு அடியில் குவிந்து கிடக்கும், கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, நடுவில் அங்கங்கே நல்ல விலை போகிற மரிக்கொழுந்துப் பாசி. பாசிக்காரியின் கண்ணுக்கு முன்னால் பாசி கிடந்தால் கை சும்மா இருக்குமா? பிறத்தியார் தலையில் பேன் ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னால் முடியுமா, அது மாதிரி. முதலில் மரிக்கொழுந்தை மட்டும் பொறுக்கினேன். அப்புறம் செடிமேல் ஈரப்பாசி படிந்து கிடப்பதைப் பார்த்து, ஐயோ மூச்சு முட்டுமே என்று அதை எடுத்தேன். அப்புறம் நாறுகிறதே, ஈ மொய்க்கிறதே, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எல்லாவற்றையும் வாரினேன். விளக்குமாறு கட்டிக்கொண்டு வந்து வாசல் பெருக்குகிற மாதிரி மேட்டைச் சுற்றிப் பெருக்கி, வாரிய பாசியைச் சாக்கில் கட்டித் தென்முனையில் கடலுக்குள்ளேயே தள்ளிவிடுவேன். மூன்று வருஷம். மூன்று வாடை. ஒரு நாள்கூட யாரும் செய் என்று சொல்லவில்லை, நானாகச் செய்தேன், ஆசையாகச் செய்தேன். இந்த ஐப்பசியில் சாக்கைத் தண்ணீரில் தள்ளும்போது திருக்கை குத்திக் கை வீங்கி இரண்டு மாதம் வீட்டில் கிடந்தேன் இல்லையா, அப்போது பாசி பாட்டுக்குக் கிடந்திருக்கிறது. தை பிறந்ததும் வந்து, ஒற்றைக் கையாலேயே தெற்கு, கிழக்கு, மேற்கு மூன்று பக்கமும் வாரிவிட்டேன், நான் யார்! வடக்கு மூலை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று நின்றுபோயிற்று. இன்றைக்கு மேடம் வருகிறார்களே, கடைசி நாளிலாவது முழுசும் சுத்தமாக இருக்கட்டும் என்று கையை வைத்தேன். கீழே பதினொன்று. பாசிக்கு அடியில் மணல் கறுத்து, குளிர்ந்து, ஈரமாக இருக்கிறது. இந்தப் பக்கம் நான் பெருக்கின மணலைத் தொட்டால் வறுத்த அரிசி மாதிரி காய்ந்து உதிர்கிறது. விதை எங்கே முளைக்கும்? சின்னப்பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குள் பாசி எந்தப் பாறையில் எந்த மாதம் தழைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற எனக்கு, மேலே வந்தால் அது குப்பையாகத்தான் தெரிந்திருக்கிறது.

தையில் மூன்று பக்கமும் வாரினேனே, அதில் எத்தனை முளை போயிருக்கும்? இந்த மூலையில் பதினொன்று என்றால் அந்த மூன்று பக்கமும்? கணக்குப் போடாதே இருளாயி. சாக்கில் கட்டும்போது பார்த்திருக்கக்கூடாதா, பாசியில் பச்சையாக என்னென்னவோ ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள். நானே கட்டி, நானே தூக்கி, நானே தள்ளினேன். அழக்கூடாது, வத்தை வருகிற நேரத்தில் முகம் வீங்கி நின்றால் நம்புவேல் கண்டுபிடித்துவிடுவான்.

எழுந்து நடந்தேன். நடந்தால் கொஞ்சம் தெளியும். பூக்கள் விரியத் தொடங்கிவிட்டன, எனக்கென்ன வந்தது என்று. எண்ணிக்கொண்டே போகிறேன், நான் காவலுக்கு வந்த வருஷம் இருநூறுக்கு மேல் இருந்தது, இப்போது நாற்பத்தொன்று. எல்லாம் வயசானவை. புயலிலும் வெயிலிலும் ஒவ்வொன்றாகப் போய், போன இடத்துக்குப் புதிது வராமல். ஏன் வரவில்லை என்று மேடம் மண்ணைச் சோதித்தார்கள், தண்ணீரைச் சோதித்தார்கள், விதையைக் கொண்டுபோய் என்னவோ கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள், கடல் சூடாகிவிட்டது, மழை மாறிவிட்டது, தேனீ குறைந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள். அவர்கள் சந்தேகப்படாதது பக்கத்தில் விளக்குமாற்றோடு நின்ற என்னை மட்டும்தான். அதுமட்டுமா, "தீவை என்ன சுத்தமா வச்சிருக்கீங்க இருளாயி!" என்று சொல்லி, பெருக்கின மணலில் என்னை நிறுத்திப் போட்டோ வேறு எடுத்தார்கள். அப்போது தெரிந்திருக்க வேண்டாமா அவர்களுக்கு? படித்தவர்கள்தானே? ஆமாம், கொஞ்சம் அவர்கள் மேலும்தான் தப்பு. சீ, என்ன நினைப்பு இது. அவர்கள் வருஷத்துக்கு நாலு தடவை வருகிறவர்கள், வரும்போது கரை பளிச்சென்று இருக்கும், கரை என்றால் இப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள். பாசி கிடந்த கரையை அவர்கள் பார்க்கவே நான் விடவில்லை. போன வருஷம் மூன்று செடியைத் தோண்டி அக்கரைத் தோட்டத்தில் வைத்தார்கள். இரண்டு வாரத்தில் இரண்டு போயிற்று. மூன்றாவது இருக்கிறது, நான் போய்ப் பார்த்தேன், பைப்புத் தண்ணீர் குடித்துக் கொழுகொழு என்று இலை விட்டுக்கொண்டு படுத்திருக்கிறது, ஒரு மொட்டு இல்லை, இலையைக் கடித்துப் பார்த்தால் உப்பே இல்லை. அதைப் பார்த்தபோது, நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டும் சிரிப்பு செத்துப்போன என் அக்கா மகள் ஞாபகம் வந்தது. மேடத்துக்கும் அது தெரியும். "என்ன செய்யச் சொல்றீங்க இருளாயி? இங்க விட்டா கண்ணு முன்னாடி ஒண்ணொண்ணா போகுது. அங்க பாதி போனாலும் மீதி நிக்குமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். ஐந்தடி வேரை எப்படித் தோண்டுவது? அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நாற்பத்தொன்றையும் அறுத்து.

சரி, இப்படிச் செய்யலாம். மேடம் வந்ததும் வடக்கு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாசியைத் தூக்கிக் காட்டுவது, இதோ பாருங்க மேடம் என்று. சந்தோஷத்தில் குதிப்பார்கள். பெருக்கினதைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். நல்ல யோசனைதான். நாலு எட்டு நடந்ததும் அது ஓட்டையாகத் தெரிந்தது. முளையை மட்டும் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இந்த வருஷம் அதிசயமாகப் பதினொன்று வந்திருக்கிறது, இதுவும் போய்விடும் என்று பயந்து, இதையும் பெயர்த்துத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். தீவுக்கு ஒன்றும் கேடில்லை, தீவு அப்படியே நன்றாகத்தான் இருக்கிறது, கேடு நான்தான் என்று தெரிந்தால்தானே மண்வெட்டியைக் கீழே போடுவார்கள்? பாதி சொல்லிப் பாதி மறைத்தால் செடி போய்விடும். முழுசும் சொன்னால் சட்டை போய்விடும். சட்டை போனால் போகட்டும், பாசிக்கு முங்க எனக்குப் பயமா? பாண்டியம்மா சிரிப்பாள். காவக்காரியே பயிரை மேய்ஞ்ச கதை என்று தெருவில் நின்று சொல்லுவாள், கேட்பவர்கள் ஒவ்வொருத்தருக்கும் திரும்பச் சொல்லுவாள். அதையும் தாங்கிவிடலாம், ஒரு மாசம் பேசுவார்கள், அப்புறம் எவளாவது எவனோடாவது ஓடினால் என்னை மறந்துவிடுவார்கள். தாங்க முடியாதது மேடம் முகம். எனக்கு இருளாயிதான் வேண்டும் என்று நின்ற முகம். என்னைக் கேட்டு என் வாயிலிருந்து வருவதை நோட்டில் எழுதிக்கொண்ட ஒரே ஆள். அந்த முகம் எப்படி மாறும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, நினைக்கும்போதெல்லாம் பூவின் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அப்படியே திரும்பிக்கொண்டே இருந்தால் பத்து மணி ஆகிவிடும். இன்னொரு வழியும் உண்டு. சும்மா இருப்பது. பதினொன்றும் பாசிக்கு அடியில் இருக்கிறது யாருக்கும் தெரியாது. செடியெல்லாம் போன பிறகு நான் மட்டும் வந்து பார்த்துக்கொண்டு... எப்படி வருவேன், காவல் ஏது? அடிப்பாவி, நாற்பத்தொன்றை அறுக்கவிட்டுப் பதினொன்றை ஒளித்து வைப்பாயா நீ? எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. மோட்டார் சத்தம் கேட்டது. இவ்வளவு சீக்கிரமா? சூரியனைப் பார்த்தேன், சீக்கிரமில்லை, நான்தான் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முழங்கால் தண்ணீரில் வத்தை நின்றது. மண்வெட்டி இரண்டு, கடப்பாரை ஒன்று, நனைத்த சாக்கு ஒரு கட்டு, ஆட்கள் இரண்டு பேர். மேடம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள், முகம் தூங்காத முகம். கரையைப் பார்த்தார்கள். "வழக்கம்போல பளிச்சுன்னு வச்சிருக்கீங்க" என்று சிரிக்கப் பார்த்தார்கள். அந்த வார்த்தை வந்து நெஞ்சில் குத்தியதும்தான் எனக்கு வாய் திறந்தது.

"அதத்தான் மேடம் சொல்லணும். நாந்தான் கெடுத்துப்புட்டேன்."

"எதை?"

"பாசிய. கரையில ஒதுங்குற பாசிய மூணு வருசமா நாந்தான் வாரி வாரிக் கடல்ல தள்ளுனேன். அதுக்கு அடியிலதான் மொளைக்குது. அது தெரியாம நான் பெருக்கிப்புட்டேன் மேடம். வாங்க, வந்து பாருங்க."

நான் முன்னால் நடக்க, மேடம் பின்னால் வந்தார்கள். வடக்கு மூலையில் உட்கார்ந்து பாசியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தேன். மேடம் மணலில் குப்புறப் படுத்துவிட்டார்கள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கன்னம் பாசியில் படும்படி. அவர்கள் உதடு எண்ணுவது தெரிந்தது. எண்ணி முடித்து மறுபடி எண்ணினார்கள்.

"எப்பலேர்ந்து பெருக்குறீங்க?"

"காவலுக்கு வந்த மொத வாடையிலேர்ந்து."

"தையில?"

"தையிலயும்தான். இந்த மூலைய மட்டும் விட்டுட்டேன். கை வலிச்சிச்சு."

"அந்தப் பாசியில முளை இருந்துச்சா?"

"பாக்கல மேடம்." பாசியின் ஓரத்தை மெல்லக் கீழே விட்டேன். "இருந்திருக்கும்."

மேடம் எழுந்து உட்கார்ந்தார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குக் கோபம் வருது இருளாயி. கொஞ்ச நேரம் என்கிட்ட பேசாதீங்க" என்றார்கள், மெதுவாக, சாதாரணமாகச் சொல்கிற மாதிரி. நான் தள்ளிப் போய் நின்றேன். நம்புவேல் என்ன மதினி என்று கண்ணால் கேட்டான், நான் தலையை ஆட்டினேன். தோட்டத்து ஆட்கள் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று கிழவிச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், அவர்கள் கால் ஒவ்வொரு தடவை அதன் பக்கத்தில் விழும்போதும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. பூக்கள் எல்லாம் முழுசாக விரிந்து நிற்கின்றன. இவ்வளவு அழகாக இருக்க வேண்டிய நேரமா இது என்று எரிச்சலாக இருந்தது. அடுத்த நிமிஷமே, இப்போது இல்லையென்றால் வேறு எப்போது, அதன் நேரம் இதுதானே என்று பட்டது. எத்தனை பேர் அதைத் தின்றோம், மிதித்தோம், பக்கத்தில் அடுப்பெரித்தோம், அன்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டு அதன் பிள்ளைகளை வாரிக் கடலில் போட்டோம், அது ஒன்பது மணிக்கு விரிகிறது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மேடம் முதுகைக் காட்டிக்கொண்டு பெருக்கின மணலை ஒரு கையாலும் பாசிக்கடி மணலை இன்னொரு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோட்டை எடுத்தார்கள், எழுதவில்லை, மூடிவிட்டார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பூ சுருங்கத் தொடங்கியபோது எழுந்தார்கள்.

"ஏம்ப்பா, மண்வெட்டியெல்லாம் வத்தையில போடுங்க. எதையும் தோண்ட வேண்டாம், திரும்பிப் போவோம்" என்று ஆட்களிடம் சொன்னார்கள். சொல்லிவிட்டு நேரே தண்ணீரை நோக்கி நடந்தார்கள். செடி நிற்கப்போகிறது. கிழவிச் செடி நிற்கப்போகிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, அதோடு என் வேலை போயிற்று என்பதும் தெரிந்தது, இரண்டும் சேர்ந்து வந்தால் எதற்கு முதலில் அழுவது? சட்டைப் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு பின்னாலேயே போய், நானும் வத்தையில் ஏறக் காலைத் தூக்கினேன்.

"நீங்க எங்க வர்றீங்க?" என்றார்கள் மேடம். இப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார்கள். கண் சிவந்திருந்தது, கோபம் போகவில்லை. "சாயங்காலம் நம்புவேல் வந்து கூட்டிட்டு வருவாரு. அதுவரைக்கும் இங்க இருங்க. நாளைக்கும் வரணும், அடுத்த வாடைக்கும் இருக்கணும். அந்தப் பாசி மேல யாரும் கை வைக்காம பாத்துக்கணும், புரியுதா? முக்கியமா நீங்க."

வத்தை போய்விட்டது. வடக்கு மூலைக்கு வந்து, பதினொன்றுக்கும் பக்கத்தில், என் நிழல் விழாத பக்கமாக உட்கார்ந்தேன். நீர் ஏறுகிறது. ஒவ்வொரு அலையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாசியைக் கொண்டுவந்து மேட்டடியில் போட்டுவிட்டுப் போகிறது, அதில் ஒரு பெரிய கொத்து மரிக்கொழுந்து, புதுசு, வேரோடு, நான் காலை நீட்டினால் தொடுகிற தூரத்தில். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.